வாசனை வழி – 9: மதுரை மல்லியும் மும்பைப் புட்டியும்

2016-ல் மும்பையில் மனன் காந்தி 'பாம்பே பெர்ஃப்யூமரி' என்ற சிறிய சென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அது வெளியிட்ட சென்ட்களில் ஒன்றின் பெயர் 'மதுரை டாக்கீஸ்'. உள்ளே நம் மல்லிகை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-ல்; மூன்றே வருடத்தில் அதன் ஊர்ப்பெயரோடு ஒரு புட்டி வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அது மயிலாப்பூரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு அடங்கவே இல்லை.

இங்கே என்ன குறை? கச்சேரி ரோட்டில் நூறாண்டு கடந்த டப்பா செட்டி நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. குளியல் பொடிக்கென்று நாட்டு மருந்துக் கடைகளில் நாம் வாங்கும் வெட்டிவேர், பூலாங்கிழங்கு, ரோஜா மொட்டு எல்லாமே வாசனைக் கலையின் மூலப்பொருட்கள். கபாலி கோயில் மாட வீதியில் கதம்பம் தொடுக்கும் அம்மாவின் விரல்களைக் கவனியுங்கள். மல்லியை மட்டும் நெருக்கினால் இனிப்பு திகட்டும் என்று அவருக்குத் தெரியும். நாலு கண்ணிக்கு ஒரு தரம் மரிக்கொழுந்தை வைத்துக் கட்டுகிறார். அந்தப் பச்சை நெடி மல்லியைத் தூக்கி நிறுத்துகிறது. கனகாம்பரம் நிறத்துக்காக மட்டும். பிரான்சின் கிராஸ் நகரத்தில் வருடக்கணக்கில் படித்துப் பழகும் கலவை அறிவு இது.

மல்லியைப் புட்டியில் அடைப்பது லேசான காரியமில்லை. ரோஜாவைப் போலக் காய்ச்சி வடித்தால் அதன் மணம் வெந்து கெட்டுவிடும். வடக்கே அந்தக் காலத்தில் எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றி மாற்றி வைத்து, மணம் ஏறிய எள்ளைச் செக்கில் ஆட்டினார்கள். இன்று சத்தியமங்கலம் பக்கத்து ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பான். காலையில் பறித்த மொட்டு அங்கே ராத்திரி வரை காத்திருக்கிறது. பூக்கடையில் விரிந்த மல்லி நஷ்டம். ஆலையிலோ விரிந்தால்தான் வேலையே, ஏனென்றால் மணம் அப்போதுதான் பிறக்கிறது. ஒரு டன் பூவுக்கு மெழுகு போன்ற 'காங்க்ரீட்' ஏறத்தாழ இரண்டு கிலோ தேறும். அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகைப் பிரித்தால் கிடைப்பது 'அப்சல்யூட்'. அதில் இன்டோல் என்ற பொருள் இருக்கிறது. தனியாக முகர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். துளியளவு சேர்ந்திருப்பதால்தான் மல்லி வெறும் இனிப்பாக நின்றுவிடாமல் நம்மைக் கிறங்க வைக்கிறது.

அந்த அப்சல்யூட் கப்பலேறி வெளிநாட்டுப் புட்டிகளுக்குப் போகிறது. மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒருவர் சென்ட் செய்ய நினைத்தால் ஆலை கட்ட வேண்டியதில்லை, கிராம் கணக்கில் வாங்கினால் போதும். ஆல்கஹாலுக்கு அனுமதி, அழகுசாதனப் பொருள் தயாரிக்க லைசென்ஸ் என்று அலைச்சல் உண்டு. அதைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் ஆல்கஹால் இல்லாத அத்தரில் தொடங்கலாம். ஓர் அலைச்சலாவது மிச்சம். மல்லி, மரிக்கொழுந்து, அடியில் கொஞ்சம் வெட்டிவேர்: முதல் புட்டிக்கு இந்த மூன்றையே சொல்வேன். மாட வீதிச் சாயங்காலத்தை இதைவிட நெருங்கும் கலவை எனக்குத் தோன்றவில்லை.

இந்த மூன்றில் வெட்டிவேர் கடலூர் மணலில் விளைகிறது. மல்லியைப் போல அல்ல, மணிக்கணக்கில் காய்ச்சினாலும் மணம் கெடாது. அதைக் காய்ச்சும் வடிகலன்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)