முகவரி அறிந்தால் வழி பிறக்கும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாணவர் சேர்க்கை நடைபெற்றுக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்திற்கு நாம் சென்றிருந்தோம். வெளியே பெற்றோர் நீண்ட வரிசையில் காத்திருந்தனர். உள்ளே ஓர் இரசீதும் அச்சாகவில்லை. முதல்நாள் மாலை, அச்சுப்பொறி அணைந்திருந்த வேளையில், புதிய கணிப்பொறி ஒன்றை அங்கே இணைத்திருந்தனர். அச்சுப்பொறி பழுது என்றார் ஒருவர். கம்பி பழுது என்றார் மற்றொருவர். பிற்பகலில் வந்த தொழில்நுட்பர் ஓர் எண்ணை மாற்றினார்; அச்சுப்பொறி இயங்கலாயிற்று. பிழை பொறியில் இல்லை, முகவரியில் இருந்தது.

அலுவலகப் பணிகளுக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர்கள் அம்முகவரியைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் நலம்.

கணிப்பொறிகள் தம்முள் செய்தி பரிமாற, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். அதனை ஐ.பி. முகவரி என்பர். 1981இல் வரையறுக்கப்பெற்று இன்றும் பெருவழக்கிலுள்ள நான்காம் பதிப்பின்படி, அது 192.168.1.10 என்பதுபோல நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையலாம்.

நம் இல்ல முகவரியில் தெருப்பெயரும் கதவிலக்கமும் இருப்பதுபோல இதிலும் இரு பகுதிகள் உள்ளன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது 'சப்நெட் மாஸ்க்' என்னும் எண். அது 255.255.255.0 எனில், முதல் மூன்று எண்கள் தெரு. இறுதி எண் கதவிலக்கம். இத்தகைய தெருவில் 254 பொறிகளுக்கு இடமுண்டு. 0 தெருவையே குறிக்கும். 255 அனைவர்க்கும் ஒருங்கே அறிவிப்பதற்கு உரியது.

ஒரே தெருவிலுள்ள பொறிகள் நேரே உரையாடும். 192.168.2.10 என்பது வேறு தெரு. அங்குச் செல்ல 'ரவுட்டர்' என்னும் வழிகாட்டும் கருவி வேண்டும். அதன் முகவரியே 'கேட்வே', அதாவது தெருமுனை வாயில்.

ஆகவே விதிகள் இரண்டே: தெரு ஒன்றாதல் வேண்டும், கதவிலக்கம் வேறாதல் வேண்டும். அன்று மீறப்பட்டது இரண்டாவது விதி. அச்சுப்பொறிக்குரிய எண்ணையே புதிய கணிப்பொறிக்கும் கொடுத்திருந்தனர். இரு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருப்பின் அஞ்சல்காரர் என்ன செய்வார்?

இவ்விடரைத் தவிர்க்கவே, ரவுட்டர் தானே எண்களைப் பங்கிட்டளிக்கும் 'டி.எச்.சி.பி.' முறை உள்ளது. ஆயினும் பலரும் நாடிவரும் அச்சுப்பொறியின் முகவரி நாள்தோறும் மாறலாகாது. அதற்கு நிலையான எண் ஒன்றை, பங்கீட்டு வரம்புக்கு வெளியே ஒதுக்குதல் தகும். விண்டோஸ் கணிப்பொறியில் 'ஐ.பி.கான்ஃபிக்' என்னும் கட்டளை இட்டால் அதன் முகவரி தெரியும். 169.254 எனத் தொடங்கினால், பங்கீட்டில் அதற்கு எண் கிடைக்கவில்லை என்பது பொருள்.

எந்தப் பொறிக்கு எந்த எண் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் எளிது. அந்த ஒரு பக்கம் அன்று இருந்திருந்தால், வரிசையில் நின்ற பெற்றோர் நண்பகலுக்கு முன்னரே இல்லம் திரும்பியிருப்பர்.