ஒளிவாளும் மின்கலமும்

விளையாட்டுப் பொருளைக் கடையில் வாங்கிய பிள்ளையைவிடத் தன் கையாற் செய்துகொண்ட பிள்ளை பெறும் இன்பம் பெரிது. பனையோலைக் காற்றாடியும் குரும்பட்டித் தேரும் செய்து விளையாடிய நம் குடாநாட்டுப் பிள்ளைகள் இன்று வேறொரு பொருளைச் செய்ய முற்பட்டிருக்கின்றனர். அதற்கு ஒளிவாள் என்று பெயர். பாடசாலை நாடகத்துக்கும் கண்காட்சிக்கும் இதனைச் செய்ய விரும்பும் மாணவர் பலர் என்னிடம் வந்து, எந்த மின்கலத்தை வாங்குவது, ஒலிக்கு எக்கருவியைப் பொருத்துவது என்று கேட்பதுண்டு. யான் கலைப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவனல்லன். ஆயினும் இக்கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதியை நம் ஊர்மக்கள் ஒரு கடுங்காலத்திலே அனுபவத்தாற் கற்றிருக்கின்றனர். அதனையும் சேர்த்து இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

ஒளிவாள் என்பது யாது? 1977ஆம் ஆண்டில் அமெரிக்க இயக்குநர் ஜோர்ஜ் லூக்கஸ் ஆக்கிய ‘ஸ்ரார் வோர்ஸ்’ என்னும் திரைப்படத்தில் வீரர் ஏந்திய கற்பனைப் படைக்கலம் அது. கைப்பிடியிலிருந்து ஒளியே அலகாக எழும். வீசுந்தோறும் இரைச்சலொன்று கேட்கும். அப்படத்தின் கதாநாயகன் ஏந்திய வாளின் கைப்பிடி, பழைய ‘கிராபிளெக்ஸ்’ புகைப்படக் கருவியின் மின்னொளிக் கைப்பிடியிலிருந்து செய்யப்பட்டது. மின்கலங்களை அடக்கிவைக்கும் குழாயே அது. வாளின் ஓசையை அமைத்த பென் பேர்ட் என்பார், திரைப்பட எறிகருவியின் மோட்டார் எழுப்பிய முரலொலியையும், தொலைக்காட்சிப் படக்குழாயின் அருகே ஒலிவாங்கியில் எழுந்த இரைச்சலையும் கலந்து அதனை ஆக்கினார். வானொலி கேட்போர் வேண்டாத இரைச்சலென்று வெறுக்கும் ஒலியே அங்கு கலையாயிற்று.

வீட்டிற் செய்யும் வாளில் ஒரு கைப்பிடிக் குழாய், ஒளி ஊடுசெல்லும் வெண்ணிற நெகிழிக் குழாய், எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி ஒன்று, ஓர் ஆளி, ஒலித் தகடு, சிறிய ஒலிபெருக்கி, மின்கலம் ஆகியன அமையும். இவற்றுள் மின்கலத்தையே பிள்ளைகள் முதலில் வாங்குகின்றனர். கடைக்காரரிடம், “எது வலிய பற்றரி?” என்று கேட்கின்றனர். அவரும் பெரிய எண் எழுதிய ஒன்றை எடுத்துக் கொடுக்கின்றார். ஆனால் மின்கலத்தைத் தேரும் வேலை கடையில் தொடங்குவதில்லை. வீட்டில், கணக்கில் தொடங்குகின்றது. நாம் இயக்க விரும்பும் பொருள் எவ்வளவு மின்னை, எவ்வளவு நேரத்துக்கு உண்ணும் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இதனை நம் தோட்டக் கிணற்றை வைத்து விளங்கிக்கொள்ளலாம். கிணற்றில் நிற்கும் நீர் எவ்வளவு என்பது ஒன்று. ஊற்றுக்கண் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுரக்கும் என்பது மற்றொன்று. தொட்டி எவ்வளவு உயரத்திலிருந்து வாய்க்காலுக்கு நீரை விடுகின்றது என்பது வேறொன்று. மின்கலத்தில் தொட்டியின் உயரம் போன்றது வோல்ற்று. வாய்க்காலில் ஓடும் நீர் போன்றது அம்பியர். நிற்கும் நீர் போன்றது அம்பியர்-மணி என்னும் கொள்ளளவு. உயரமான தொட்டியாயினும் குழாய் ஒடுங்கியதாயின் தோட்டத்துக்குப் பயனில்லை. இம்மூன்றையும் ஒருங்கே நோக்காது வோல்ற்றை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாற்றமடைகின்றனர்.

இப்பாடத்தை யாழ்ப்பாணத்து மக்கள் எவ்வாறு கற்றனர் என்பதைச் சொல்லுகின்றேன். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்வழங்கல் நின்றது. குடாநாட்டுக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் மின்கலமும் ஒன்றாயிற்று. மண்ணெண்ணெயும் அரிதாகவே, சிறு போத்தலுக்குள் சொற்ப எண்ணெய் விட்டு ஏற்றிய திரிவிளக்கில் பிள்ளைகள் படித்தனர். உணவின்மையைப் போலவே செய்தியின்மையும் மக்களை வருத்தியது. எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கின்றது, பேச்சுவார்த்தை நிகழுமா என்பனவற்றை அறிவதற்கு வானொலியே வழி. இலங்கை வானொலியையும், இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசையையும், மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலியையும் கேட்கக் காதுகள் காத்திருந்தன. பெட்டிகளோ மின்கலமின்றி மௌனமாயிருந்தன.

தீர்ந்துபோன உலர் மின்கலங்களை மக்கள் வெயிலிற் காயவைத்தனர், வெந்நீரில் இட்டனர், துளையிட்டு உப்புநீர் ஊட்டினர். வெப்பத்தால் உள்ளே இரசாயனத் தாக்கம் சற்று விரைவுபடும். நீரால் உலர்ந்த பசை மீண்டும் ஈரம்பெறும். அவ்வளவே. இறந்த கலத்துக்கு உயிர் வரவில்லை. எஞ்சிக் கிடந்த சொற்பம் வெளிப்பட்டது.

அப்போது கைகொடுத்தது துவிச்சக்கர வண்டியின் தைனமோ. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றினால் பின்சில்லு சுழலும். சில்லு தைனமோவைச் சுழற்றும். அத்தைனமோ பொதுவாக 6 வோல்ற்றும் 3 வாற்றும் தரவல்லது; அதாவது அரை அம்பியர் மின்னோட்டம். சிறிய திரான்சிற்றர் வானொலி அளவான ஒலியில் உண்பது அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. எனவே கணக்குப்படி மின் போதும். ஆயினும் இரண்டு இடர்கள் இருந்தன. முதலாவது, தைனமோ தருவது திசைமாறும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இருவாயி என்னும் உறுப்பு மின்னை ஒரு திசையிலேயே செல்லவிட்டுச் சீராக்கியது. கொள்ளளவி என்னும் உறுப்பு, வாய்க்கால் நடுவே கட்டிய சிறு தொட்டிபோல, ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்தது. இரண்டாவது, சுமை குறைவாயிருக்கும்போது வேகமாகச் சுழற்றினால் தைனமோவின் வோல்ற்று மிக உயர்ந்து பெட்டியைக் கெடுத்துவிடும். ஆகையால் வண்டியின் விளக்கையும் உடன் எரியவிடுவது நலமாயிற்று. மிகுதியை விளக்கு உண்டது; அளவானதை வானொலி பெற்றது.

அன்று யான் இளைஞன். செய்தி முடியும்வரை ஒருவர் மாறி ஒருவராகச் சுழற்றுவோம். சுழற்றுபவர் களைத்தால் வாசிப்பவரின் குரலும் களைக்கும். ஆகவே ஒலியைத் தாழ்த்தி, எல்லோரும் பெட்டியருகே நெருங்கியிருந்து கேட்டோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்துமடங்கு வலு வேண்டும். ஒலியைப் பாதியாகக் குறைப்பவன் வலுவில் பத்தில் ஒன்பது பங்கை மிச்சப்படுத்துகின்றான். ஊற்றைப் பெருக்க இயலாதவர்கள் சுமையைச் சுருக்கிக்கொண்ட வகை இது.

இப்பாடத்தை ஒளிவாளுக்குப் பொருத்துவோம். முதலிற் சுமை. 3 வாற்று எல்.ஈ.டி. ஒன்றை அரை அம்பியரில் எரித்தால் பாடசாலை மேடைக்குப் போதிய ஒளி கிட்டும். ஒலித் தகடும் ஒலிபெருக்கியும் உரக்க ஒலிக்கும் வேளையில் ஏறத்தாழ 0.3 அம்பியர் பெறுமென்க. ஆக 0.8 அம்பியர். அரைமணி நேர நாடகத்துக்கு 0.4 அம்பியர்-மணி போதும். ஒத்திகையையும் சேர்த்தால் 1 அம்பியர்-மணிக்குக் குறையாமல் இருப்பது நன்று.

இனி ஊற்று. பெட்டிவடிவான 9 வோல்ற்றுப் பற்றரியைப் பிள்ளைகள் விரும்புவர். அது உயரமான தொட்டி, குழாயோ ஒடுங்கியது. அதனுள் ஆறு சிறு கலங்கள் அடங்கியுள்ளன. காரவகையாயினும் கொள்ளளவு ஏறத்தாழ அரை அம்பியர்-மணியே. 0.8 அம்பியரை அதனிடம் கேட்டால் வோல்ற்று விழும், ஒலி கரகரக்கும், சிறிது நேரத்தில் வாள் அணையும். மலிவான நாக-காபன் உலர்கலமும் கடுஞ்சுமைக்கு ஏற்றதன்று. அது சுவர்க்கடிகாரத்துக்கு உரியது. காரக்கலம் அதனிற் சிறந்தது. எனினும் ஒருமுறை தீர்ந்தால் எறியவேண்டியதே.

மாணவருக்கு யான் பரிந்துரைப்பது, மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலங்கள் நான்கு. விரல்பருமனுள்ள இக்கலம் ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று, நான்கு சேர்ந்தால் 4.8 வோல்ற்று. கொள்ளளவு ஏறத்தாழ 2 அம்பியர்-மணி. 1 அம்பியரை எளிதில் தரும். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் 20 சென்ரிமீற்றர் நீளத்தில் கைப்பிடிக்குள் அடங்கும்.

எல்.ஈ.டி.யை மின்கலத்தோடு நேரே இணைத்தலாகாது. அது தன் பசியின் அளவறியாது உண்டு எரிந்துபோகும். தடையொன்று இடையே வேண்டும். வெண்மையோ நீலமோ ஆன எல்.ஈ.டி. ஏறத்தாழ 3.3 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். 4.8இலிருந்து 3.3ஐக் கழிக்க எஞ்சுவது 1.5 வோல்ற்று. அதனை 0.5 அம்பியரால் வகுக்க 3 ஓம் கிடைக்கின்றது. அத்தடையில் வெப்பமாவது 0.75 வாற்று, ஆதலால் 2 வாற்றுத் தாங்கும் தடையைக் கேட்டு வாங்குக. எல்.ஈ.டி.யின் அடியில் அலுமினியத் துண்டொன்றைப் பொருத்தினால் அதன் வெப்பமும் வெளியேறும்.

ஒலிக்கு, நுண்ணட்டையில் பதிந்த ஓசையை வாசிக்கும் சிறு தகடுகள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. ‘டி.எஃப். பிளேயர் மினி’ என்பது பலர் அறிந்த ஒன்று. அது 3.2 முதல் 5 வோல்ற்று வரை ஏற்கும்; சிறு ஒலிபெருக்கியைத் தானே இயக்கவல்லது. புதிதாக மின்னேற்றிய நான்கு கலங்கள் 5.6 வோல்ற்று வரை காட்டக்கூடும். எனவே தகட்டுக்குச் செல்லும் கம்பியில் சாதாரண சிலிக்கன் இருவாயி ஒன்றைத் தொடுத்தால் ஏறத்தாழ 0.7 வோல்ற்று இறங்கித் தகடு பிழைக்கும். தகட்டின் வழங்கல் முனைகளுக்குக் குறுக்கே 1000 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி ஒன்றை வைத்தால், ஓசை திடீரென உயரும்போது வோல்ற்று விழுந்து தகடு தடுமாறுவது குறையும். தைனமோவுக்கு உதவிய அதே இரு உறுப்புகள் இங்கும் உதவுவதைக் காண்க.

ஒலிபெருக்கியைக் கைப்பிடியுள் வெறுமனே தொங்கவிடல் தகாது. அதன் முன்புறத்து அலையும் பின்புறத்து அலையும் எதிரெதிரானவை; ஒன்றையொன்று அழிக்கும். பின்புறத்தைக் காற்றுப்புகாது அடைத்தால் ஒலி தெளிவுறும். மேலும், இரண்டு விரல் அகலமுள்ள ஒலிபெருக்கி ஆழ்ந்த முரலொலியைத் தரமாட்டாது. ஆயினும் அவ்வொலியின் மேற்சுரங்களைக் கேட்டாற் செவி அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஆகவே மேற்சுரம் செறிந்த ஓசையைத் தெரிந்து பதிக.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இலிதியம் அயன் கலங்கள் மிகுந்த வலிமையுடையன. 18650 எனப்படும் கலம் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது; 3.7 வோல்ற்றில் 2 முதல் 3.5 அம்பியர்-மணி தரும். ஆனால் 4.2 வோல்ற்றுக்கு மேல் மின்னேற்றினும், முனைகள் ஒன்றோடொன்று தொட்டுக் குறுக்கினும், நசுங்கினும் தீப்பற்றக்கூடும். வாள் என்பது ஒன்றோடொன்று மோதும் விளையாட்டுப்பொருள். பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய கலத்தைப் பிள்ளையின் கையில் மோதவிடுவது அறிவுடைமையாகாது. பாதுகாப்புச் சுற்றும் உரிய மின்னேற்றியும் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையும் இல்லாதவிடத்து அதனைத் தவிர்க்க. தீர்ந்த கலம் எதனையும் கிணற்றடியில் எறிதல் வேண்டாம். நம் நிலம் சுண்ணக்கல்; மேலே கசிவது கீழே நாம் பருகும் நீரைச் சேரும்.

நேயர்களே, எங்கள் தலைமுறை ஒரு மின்கலத்துக்காக ஏங்கியது. இன்றைய பிள்ளைக்குக் கடையிற் பத்துவகை உண்டு. ஆயினும் 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. எந்தக் கருவிக்கு எவ்வளவு மின் வேண்டும் என்று கணக்கிட அறிந்தவன் அத்தகைய நாளில் எதை எரிப்பது, எதை அணைப்பது என்பதைத் தானே முடிவுசெய்வான். ஆதலின் உங்கள் பிள்ளை ஒளிவாள் செய்யப் பணம் கேட்டால், தாளும் பென்சிலும் முதலிற் கொடுங்கள். கணக்கு முடிந்தபின் கடைக்கு அனுப்புங்கள்.