மருத்துவர் மாற்றிய தண்டவாளம்

மாணவர்களே, ஒரு சாக்கட்டியும் அளவுநாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் 1067 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் வரையுங்கள். பக்கத்தில் 1435 மில்லிமீட்டர் இடைவெளியில் இன்னும் இரண்டு. வேறுபாடு ஒரு முழம்கூட இல்லை, அல்லவா? இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் கோத்தோ ஷின்பே. அவர் பொறியாளர் அல்லர், மருத்துவர்!

1905இல் ரஷ்யாவைப் போரில் வென்ற ஜப்பானுக்கு, சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் ரஷ்யர் அமைத்த இருப்புப்பாதையின் தென்பகுதி கிடைத்தது. அதை நடத்த 1906இல் தென் மஞ்சூரிய ரயில்வே கம்பெனி தோன்றியது. மூலதனம் 20 கோடி யென், பாதி அரசுடையது. தலைவரை நியமித்ததும் அரசே. தைவானில் ஜப்பானிய ஆட்சியின் சிவில் நிர்வாகத்தைக் கவனித்துவந்த கோத்தோ முதல் தலைவரானார்.

ரஷ்யப் பாதையின் அகலம் 1524 மில்லிமீட்டர். போரின்போது ஜப்பானியப் படை தன் நாட்டு இன்ஜின்களை ஓட்டுவதற்காக அதை 1067 ஆகக் குறுக்கியிருந்தது. கம்பெனியோ 1435 ஆக்க முடிவு செய்தது. ஏன் தெரியுமா? அண்டையிலிருந்த சீன, கொரியப் பாதைகளின் அகலம் அதுவே. சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. மேலும், தண்டவாளங்கள் விலகி நின்றால் பெரிய கொதிகலனைச் சுமந்த இன்ஜினும் சாயாமல் விரையும். 1908இல் தாலியன்–சாங்சுன் பாதை மாற்றப்பட்டது. 1934இல் அதே பாதையில் ‘ஆசியா எக்ஸ்பிரஸ்’ 701 கிலோமீட்டரை எட்டரை மணியில் கடந்தது. அதன் இயக்குசக்கரத்தின் விட்டம் 2 மீட்டர்; உங்களைவிட உயரம்!

ஆனால் இது வெறும் ரயில் கம்பெனி அன்று. ஃபூஷுன் நிலக்கரிச் சுரங்கம், துறைமுகம், மருத்துவமனைகள், ஓர் ஆராய்ச்சித்துறை எல்லாம் அதன் கையில். ஆட்சியையும் கோத்தோ உயிரியலாகவே பார்த்தார். தட்டைமீனின் இரு கண்களும் ஒரே பக்கத்தில் இருக்கும். மற்ற மீன்களைப்போல அவற்றை மாற்றி வைக்க முடியுமா என்று கேட்பார். உள்ளூர் வழக்கத்தை அறிந்து ஆளவேண்டும் என்பது பொருள். அறிவார்ந்த பேச்சுதான். ஆனால் அந்த மக்களை ஜப்பான் ஏன் ஆளவேண்டும் என்ற கேள்வி அதில் இல்லை. ரயிலும் பள்ளியும் மருத்துவமனையும் போருக்கான ஆயத்தமே என்பதை அவர் மறைக்கவுமில்லை. 1931 செப்டம்பர் 18 அன்று, முக்டன் அருகே இந்தக் கம்பெனியின் தண்டவாளத்திலேயே ஜப்பானியப் படையினர் வெடி வைத்து, சீனர்மீது பழி போட்டு, மஞ்சூரியாவைக் கைப்பற்றினர். 1945இல் ஜப்பான் தோற்றது, கம்பெனியும் மறைந்தது.

ஜப்பானுக்குள்ளும் 1435 வேண்டும் என்று வாதாடிய கோத்தோ, அது நிறைவேறாமலே 1929இல் இறந்தார். அவரிடம் ரயில்வே துறையில் பணிபுரிந்து, பின்னர் மஞ்சூரியக் கம்பெனியில் இயக்குநராகவும் இருந்த சோகோ ஷின்ஜி, 1955இல் ஜப்பானியத் தேசிய ரயில்வேயின் தலைவரானார். அவர் பிடிவாதமாகத் தொடங்கிவைத்த ஷின்கான்சென் அதிவேக ரயில் 1964இல் ஓடியது. அதன் பாதை அகலம் 1435 மில்லிமீட்டர்.