தேசம் என்றால் கிராமம்!

"உங்க தேசா எது சார்?"

இந்தோனேசியாவில், பாண்டுங் நகரத்து நூற்பாலை ஒன்றின் கேன்டீனில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. வருஷம் 2018. மெஷின் மாட்டிக் கொடுக்க எங்கள் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. கேட்டவர் அந்த மில்லின் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர்.

"இந்தியா" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் சிரித்துவிட்டார். "அது நெகாரா சார். நான் கேட்டது தேசா!"

அப்புறம்தான் விளங்கியது. இந்தோனேசிய மொழியில் 'நெகாரா' என்றால் நாடு. 'தேசா' என்றால் கிராமம். வடமொழியிலிருந்து நாமும் வாங்கினோம், அவர்களும் வாங்கினார்கள். கொண்டு போகிற வழியில் கப்பல் ஆடியதோ என்னவோ, நகரம் நாடாகிவிட்டது, தேசம் கிராமமாகிவிட்டது! மாவட்டத் தலைவருக்கு அங்கே 'பூபதி' என்று பெயர். வாத்தியார் சாட்சாத் 'குரு'தான்.

அந்த சூப்பர்வைசரை மில்லில் எல்லோரும் 'பாக்' என்று கூப்பிட்டார்கள். அப்பா என்று அர்த்தம். நம்ம ஊர் 'அண்ணாச்சி' மாதிரி ஒரு மரியாதை. ஐம்பது வயது மனிதர். நானும் பாக் என்றே கூப்பிட்டேன். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே லட்சணம் என்பதால் பேச்சுக்குத் தடையே இல்லை.

ஒரு வாரத்தில் ஸ்பேர் பார்ட் ஒன்று துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. நாலு நாள் வேலை கிடையாது.

"ரூம்ல உக்காந்து சுவத்தைப் பார்க்கப் போறீங்களா? எங்க தேசாவுக்கு வாங்க சார். எங்க காக்காக்கைக் காட்டறேன்" என்றார் பாக்.

"காக்காயா?"

"காக்காக்! அண்ணன் சார், அண்ணன்!"

(காயல்பட்டினத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அங்கேயும் அண்ணன் என்றால் 'காக்கா'தான்.)

* * *

சுலவேசி தீவின் தென்கோடியில் இருக்கும் மகாசார் வரை விமானம். அங்கிருந்து வடக்கே என்ரேக்காங் மாவட்டத்து மலைக்குக் காரில் ஆறேழு மணி நேரம். வயிற்றில் இருந்ததெல்லாம் வளைவுக்கு வளைவு வெளியே வரப் பார்த்தது. அதைத் திசை திருப்ப, பாக்கிடம் ஊர்க் கதை கேட்டுக்கொண்டே போனேன்.

இந்த நாட்டை ஆள்வது லேசுப்பட்ட காரியமில்லை. 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள். மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல். இதில் ஜாவா தீவு மொத்த நிலத்தில் சுமார் 7 சதவிகிதம்தான். ஆனால், பாதிக்கு மேல் ஜனங்கள் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். தலைநகர் ஜகார்த்தா, பெரிய ஆபீஸ்கள், பெரிய ஆலைகள், பெயர் பெற்ற கல்லூரிகள் எல்லாம் ஜாவாவில். மற்ற தீவுக்காரனுக்கு எது வர வேண்டுமானாலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

பாக்கின் தேசாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். கட்டைகளின் மேல் நிற்கும் மரவீடு. வாசலில் அண்ணன். 58 வயது. வெங்காயமும் காப்பியும் பயிர் செய்கிற கை, உள்ளங்கையெல்லாம் காய்ப்பு. என் கையைப் பிடித்துக் குலுக்கியபோது வலித்தது.

மறுநாள் காலையில் பாக் என்னை முதலில் அழைத்துக்கொண்டு போய்க் காட்டியது பள்ளிக்கூடத்தை. நம்ம ஊரில் விருந்தாளிக்குக் கோயிலைக் காட்டுவார்களே, அந்த பாவனையில்.

"1975-ல கட்டினாங்க சார். எனக்கு 7 வயசு. அண்ணனுக்கு 15. ஆத்துலேர்ந்து மணல் சுமந்தது அவர்தான். கூலி கொடுத்தாங்க. கட்டி முடிச்சதும் நான் உள்ளே போய் உக்காந்தேன். அவர் காட்டு வேலைக்குப் போயிட்டார்."

"அண்ணன் ஏன் சேரலை?"

"15 வயசுப் பையன் ஒண்ணாம் கிளாஸ்ல உக்காருவானா? அவருக்குச் சேர வேண்டிய வயசு வந்தப்ப இங்கே பள்ளிக்கூடமே இல்லையே சார்."

தெற்கு சுலவேசியில் 1950-லிருந்து 1965 வரை ஆயுதக் கலகம். மலைப் பக்கமெல்லாம் கலகக்காரர்கள் கையில். அந்தக் காலத்தில் பிறந்த தப்பு, அண்ணனுடையது.

* * *

அந்தப் பள்ளிக்கூடம் மலைக்கு எப்படி வந்தது என்பது ஒரு தனிக்கதை.

1973-ல் உலகச் சந்தையில் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. நமக்கெல்லாம் வயிற்றெரிச்சல். எண்ணெய் விற்கிற இந்தோனேசியாவுக்குக் கொண்டாட்டம். அப்போது அதிபர் சுகார்த்தோ. சர்வாதிகாரிதான், குடும்பத்தோடு நாட்டைச் சுரண்டினார் என்று 1998-ல் ஜனங்கள் கொதித்தெழ, பதவியை விட்டு இறங்கினவர்தான். ஆனால், வந்த எண்ணெய்ப் பணத்தில் ஒரு பகுதியை அவர் ஆட்சி ஆரம்பப் பள்ளிகளில் போட்டது. அதிபரின் உத்தரவு என்பதன் சுருக்கமாக 'இன்ப்ரெஸ் பள்ளி' என்று பெயர். 1973-லிருந்து ஐந்தாறு வருஷத்தில் 61,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள்! ஒவ்வொன்றிலும் 3 வாத்தியார், 120 பிள்ளைகள் என்று கணக்கு.

எந்த மாவட்டத்துக்கு எத்தனை பள்ளி? இங்கேதான் விஷயம். மந்திரியின் மச்சான் ஊருக்கு ஒன்று, மாமனார் ஊருக்கு ஒன்று என்று விதி எழுதவில்லை. எந்த மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி ஒதுக்கச் சொன்னது விதி. பின்தங்கின மாவட்டத்துக்கு அதிகம். 1978-ல் ஆரம்பப் பள்ளிக் கட்டணமும் ரத்து. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் 1973-ல் பள்ளியில் இருந்தவர்கள் 69 சதவிகிதம். 1978-ல் 83 சதவிகிதம்.

அப்புறம் வேடிக்கை. எஸ்தர் டூஃப்ளோ என்ற பிரெஞ்சுப் பொருளாதார நிபுணர் இந்தத் திட்டத்தைக் குடைந்து ஆராய்ந்து 2001-ல் ஒரு கட்டுரை எழுதினார். பள்ளி வந்தபோது சின்னக் குழந்தைகளாக இருந்தவர்களையும், வயது தாண்டிப் போனவர்களையும் மாவட்டம் மாவட்டமாக ஒப்பிட்டுப் பார்த்தார். அதாவது, நம்ம பாக்கையும் அவர் அண்ணனையும்! ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடினால், பிற்பாடு அவர்கள் சம்பளம் 1.5 முதல் 2.7 சதவிகிதம் வரை கூடியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். 'என்ன சார், நம்ம ஆபீஸ் இன்க்ரிமென்ட்டை விடக் கேவலமா இருக்கே' என்கிறீர்களா? ஒரு கோடி ஆட்களுக்கு, அவர்கள் ரிட்டயர் ஆகிற வரைக்கும் கூட்டிப் பாருங்கள். அதே டூஃப்ளோதான் 2019-ல் இன்னும் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

* * *

பள்ளியிலிருந்து திரும்பும்போது ஒரு வீட்டுத் திண்ணையில் கூட்டம். நாலைந்து பெண்கள், ஏழெட்டுக் குழந்தைகள். உத்தரத்திலிருந்து ஒரு தூக்குத் தராசு தொங்குகிறது. அதில் துணித் தூளி கட்டி, உள்ளே ஒரு குழந்தை. காய்கறி மண்டியில் எடை போடுகிற மாதிரி எடை போடுகிறார்கள்! குழந்தை ஊரைக் கூட்டுகிறது.

"போஸ்யாண்டு சார்" என்றார் பாக்.

மாதம் ஒரு தடவை கிராமத்திலேயே கூடுகிற சுகாதார முகாம். 1980-களில் பரவியது. நடத்துகிறவர்கள் அதே ஊர்ப் பெண்கள், தொண்டாக. எடையை அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். போன மாதத்தை விடப் புள்ளி இறங்கினால் அம்மாவுக்கு ஒரு பாட்டு, அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். மெஷின் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒரு தராசு, ஒரு பேனா.

எல்லாமே ஜோர் என்று நான் அளக்கவில்லை. கட்டடத்தை எண்ணினவர்கள் வாத்தியாரை எண்ண மறந்தார்கள். 2000-களின் ஆரம்பத்தில் முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்த்த ஓர் ஆய்வில், ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களில் 19 சதவிகிதம் பேர் பள்ளியில் இல்லை. (சிரிக்காதீர்கள். அதே ஆய்வில் இந்தியா 25!) 2005-ல் ஒரு சட்டம் போட்டு, தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களுக்குச் சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். பிள்ளைகளின் படிப்பு கூடியதா என்று ஆராய்ந்தவர்களில் கார்த்திக் முரளிதரனும் ஒருவர். 2018-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: ஆசிரியருக்கு நிம்மதி கூடியது, பிள்ளைகளின் மார்க் கூடவில்லை!

* * *

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் கெட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். "எண்ணாம போட்ட திட்டம் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் பாக்.

அதே சுகார்த்தோ. 1984-ல் அரிசியில் தன்னிறைவு என்று பெருமைப்பட்ட நாடு மறுபடி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. 1995 டிசம்பரில் ஒரு கையெழுத்து. மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை வயலாக்கு! சுமார் 4,000 கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டினார்கள். ஜாவாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். ஆனால், அது நெல்லுக்கு ஆகாத புளிப்பு மண். மக்கின செடி கொடி ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்ந்த கரிமண். வாய்க்கால் வழியே தண்ணீர் வடிந்ததும் காய்ந்து விறகாகிவிட்டது. 1997 வறட்சியில் பற்றிக்கொண்டது. மற்ற தீவுகளின் காட்டுத் தீயும் சேர்ந்து, புகை சிங்கப்பூர், மலேசியா வரை போய் மூச்சை அடைத்தது. 1999-ல் திட்டத்துக்கு மூடுவிழா.

வரைபடத்தில் கோடு இழுத்தவர்கள், அந்த மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு அங்கேயே வாழ்கிற டாயக் ஜனங்களைக் கேட்டிருந்தால் போதும். சொல்லியிருப்பார்கள்.

இந்த மாதிரி அடிகளுக்குப் பிறகுதான் ஜகார்த்தா பிடியைத் தளர்த்தியது. 1999-ல் சட்டம். 2001 ஜனவரி 1 முதல் பள்ளி, ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் மாவட்டத்தின் பொறுப்பு. சுமார் 20 லட்சம் அரசு ஊழியர்கள் ஒரேயடியாக மத்தியிலிருந்து உள்ளூர் அரசுகளுக்குக் கை மாறினார்கள். 2005 முதல் பூபதிகளையும் மேயர்களையும் ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'எங்க ஊருக்கும் தனி மாவட்டம் வேணும்' என்று கிளம்பி, முன்னூறு சொச்சமாக இருந்த மாவட்டங்களும் நகரங்களும் சேர்ந்து இன்று 514!

இதில் ஜெயிலுக்குப் போன பூபதிகளும் ஏராளம். நல்ல பேர் வாங்கினவர்களும் உண்டு. சோலோ நகரில் மர நாற்காலி, மேஜை வியாபாரம் செய்த ஒருவர் 2005-ல் மேயரானார். பூங்காவை அடைத்திருந்த நடைபாதைக் கடைக்காரர்களைத் தடியால் விரட்டவில்லை. ஐம்பது தடவைக்கு மேல் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுப் பேசி, 2006-ல் புது மார்க்கெட்டுக்கு ஊர்வலமாக அழைத்துப் போனார். ஜோக்கோ விடோடோ என்று பெயர். 2014-லிருந்து 2024 வரை அவர்தான் அதிபர்.

அதிபரானதும் 2016-ல் பப்புவா மலைக்குப் போனார். ஜாவாவில் லிட்டர் 6,450 ருபியாவுக்கு விற்ற பெட்ரோல், ரோடு இல்லாத அந்த மலைகளில் சில சமயம் ஒரு லட்சம் ருபியா. விமானத்தில் ஏற்றிப் போனாவது நாடு முழுக்க பங்கில் ஒரே விலை என்று அறிவித்தார். 2019-ல் தலைநகரையே ஜாவாவிலிருந்து கிழக்குக் கலிமந்தானுக்கு மாற்றப் போவதாகச் சொன்னார். நுசாந்தாரா என்ற அந்தப் புது ஊரில் 2024-ல் சுதந்திர தின விழாவும் நடந்தது. அது இன்ப்ரெஸ் பள்ளி வகையா, சதுப்புக்காட்டு வாய்க்கால் வகையா என்பது அங்கே எத்தனை பேர் நிஜமாகக் குடிபோய் வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

* * *

கிளம்புகிற அன்று காலையில் கிராம ஆபீஸ் வழியாகப் போனோம். வாசலில் பெரிய பிளெக்ஸ் பேனர். தலைவர் படம் பெரிதாக, கீழே கும்பிடு என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. முழுக்க எண்கள்! 2015 முதல் மத்திய அரசு கிராமங்களுக்கு நேரடியாகப் பணம் ஒதுக்குகிறது. 'தானா தேசா' என்று பெயர். 2018-ல் சுமார் 75,000 கிராமங்களுக்கு 60 லட்சம் கோடி ருபியா. சராசரியாகக் கிராமத்துக்கு 80 கோடி. மயங்கி விழாதீர்கள், ருபியா. அன்றைய நம் கணக்கில் 40 லட்சம் ரூபாய். எது எதற்கு எவ்வளவு என்று பேனரில் எழுதி வைத்திருந்தார்கள்.

அண்ணன் தன் பேத்தியைக் கையோடு கூட்டி வந்திருந்தார். எட்டு வயசு இருக்கும். அவள் உரக்கப் படிக்க, இவர் தலையாட்டிக் கேட்டார். ஒரு வரியில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். வடிகால், 120 மீட்டர்.

பேச்சு மூச்சு இல்லாமல் போய் வடிகால் ஓரமாக நடந்து, காலடியால் அளந்துவிட்டு வந்தார். தொண்ணூறு சொச்சம்தான் வந்ததாம். ஊர்த் தலைவரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். தலைவர் பதறவில்லை, மழை நின்றதும் மீதி வேலை என்று விளக்கம் சொன்னார்.

"அண்ணன் என்ன சொல்றார்?" என்று பாக்கைக் கேட்டேன்.

"'சரி, மழை நின்னதும் மறுபடி நடந்து பார்க்கறேன்'னு சொல்றார்."

பாண்டுங் திரும்பினோம். கேன்டீன். அதே மேஜை. எனக்கே ஞாபகம் வந்து, "பாக், அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதிலே சொல்லலை. எங்க தேசா அவிநாசி பக்கத்துல ஒரு சின்ன ஊர்" என்றேன்.

"அப்படியா? உங்க ஊருக்கு வருஷத்துக்கு எவ்வளவு பணம் வருது சார்?"

நான் குனிந்து சாப்பிட ஆரம்பித்தேன்.