பெரிய நாய் நம்மகிட்ட ஒட்டுமா?

நாய் வளர்க்க ஆசைப்படுறவங்ககிட்ட "காப்பகத்துல போய்ப் பாருங்களேன்"னு சொன்னா உடனே வர்ற பதில் இதுதான்: "குட்டின்னா ஓகே. பெரிய நாய் நம்மகிட்ட ஒட்டுமா?"

ஒட்டும். எங்க வீட்டு சீனி காப்பகத்துல இருந்து வந்தப்போ அவளுக்குச் சுமார் 4 வயசு. ஆனா ஒட்டுறதுக்கு நாள் எடுக்கும். அந்த நாள் கணக்கு தெரியாமத்தான் பல பேர் நாயை முதல் வாரத்துலயே "செட் ஆகல"ன்னு திருப்பி விடுறாங்க. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறோம்.

முதல்ல, ஏன் வளர்ந்த நாய்? குட்டி எவ்வளவு பெருசாகும், என்ன குணம் வரும்னு ஊகிக்கத்தான் முடியும். வளர்ந்த நாயோட உயரம், சுறுசுறுப்பு எல்லாம் கண்ணுக்கு முன்னாடியே இருக்கு. குட்டியை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே கூட்டிட்டுப் போகணும். பல் முளைக்கிற நேரத்துல செருப்பு, சார்ஜர் ஒயர் எதுவும் தப்பாது. ஆரோக்கியமான வளர்ந்த நாய் பழகிட்டா ஆறு மணி நேரம்கூட அடக்கிக்கும். வேலைக்குப் போறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

காப்பகத்துக்குப் போனா ஒரு தடவை பார்த்துட்டு முடிவெடுக்காதீங்க. கூண்டுக்குள்ள பத்து நாய் குரைக்கிற சத்தத்துல எந்த நாயும் அதோட இயல்புல இருக்காது. ரெண்டு மூணு தடவை போங்க. வெளியே கொஞ்ச தூரம் நடக்க வைக்க முடியுமான்னு கேளுங்க. தினமும் சோறு வைக்கிறவங்ககிட்ட பேசுங்க. இது எப்படி வந்துச்சு, தெருவுல இருந்தா, வீட்டுல இருந்தா? மத்த நாய், பூனை, குழந்தைங்ககூட எப்படி? வெறிநாய்க்கடித் தடுப்பூசி கடைசியா எப்போ போட்டாங்க? கருத்தடை ஆச்சா? உண்ணிக் காய்ச்சல் வந்திருக்கா? காது நுனியில சின்ன வெட்டு இருந்தா பயப்படாதீங்க. தெருநாய்க்குக் கருத்தடை பண்ணதுக்கான அடையாளம் அது.

வாடகை வீட்டுல இருக்கீங்களா? ஓனர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிடுங்க. குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கவே கூடாதுன்னு தடை போட முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லுது. ஆனா சங்கம் வேற, ஓனர் வேற. அதேபோல நாளைக்கு வேலை பெங்களூருக்கு மாறினா நாயும் வருமா? 4 வயசு நாய் இன்னும் எட்டு, பத்து வருஷம் உங்ககூட இருக்கலாம். அந்தக் கணக்கை முன்னாடியே போட்டுடுங்க.

இப்போ அந்த நாள் கணக்கு. நாய் தத்தெடுக்குறவங்க மத்தியில 3-3-3ன்னு ஒண்ணு சொல்வாங்க: மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம். அறிவியல் விதி இல்ல, ஒரு தோராயக் கணக்கு. ஆனா உதவும்.

முதல் மூணு நாள் பயம். சீனி நாலு நாள் டைனிங் டேபிளுக்கு அடியிலதான் கிடந்தா. நாங்க தூங்கினப்புறம்தான் சாப்பிடுவா. குக்கர் விசில், மிக்ஸி, லிஃப்ட், வழுக்குற டைல்ஸ் தரை, எல்லாமே அவளுக்குப் புதுசு. இந்த நேரத்துல ஒரு மூலையில பாயைப் போட்டுட்டு அவங்களை விட்டுடுங்க. கட்டிப்பிடிக்கிறது, குளிப்பாட்டுறது, நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டுறது, எல்லாம் அப்புறம். காப்பகத்துல போட்ட அதே சாப்பாட்டைக் கொடுங்க. மாத்தணும்னா ஒரு வாரம், பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். அதனால சாம்பார் சாதம் வேண்டாம்.

இன்னொண்ணு, பயந்த நாய் ஓடும். வாசக்கதவு திறக்குறப்போ கவனமா இருங்க. வெளியே போனா கழுத்துப் பட்டையோட உடம்பைச் சுத்திப் போடுற பெல்ட்டும் போடுங்க. தீபாவளிக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி கூட்டிட்டு வராதீங்க. வெடிச் சத்தத்துல மிரண்டு ஓடினா, அதுக்குத் திரும்பி வர உங்க வீடு எதுன்னுகூடத் தெரியாது.

மூணு வாரம் ஆகுறப்போ உங்க நேரம் அதுக்குப் புரியும். அப்போதான் சோதிக்கவும் ஆரம்பிக்கும். சோஃபாவுல ஏறும், நீங்க கிளம்பினா கத்தும். "முதல்ல சாதுவா இருந்துச்சே, இப்போ கெட்டுப்போச்சு"ன்னு தோணும். கெட்டுப்போகல. பயம் குறைஞ்சு உண்மையான நாய் வெளியே வருது. தினமும் அதே நேரத்துக்குச் சாப்பாடு, நடை. சரியா பண்ணா உடனே ஒரு துண்டு கோழி. முதல்ல ரெண்டு நிமிஷம், அப்புறம் பத்து நிமிஷம்னு தனியா விட்டுப் பழக்குங்க.

உறுமினா திட்டாதீங்க. உறுமல்னா "எனக்குப் பிடிக்கல, தள்ளிப்போ"ன்னு அர்த்தம். அதை அடக்கிட்டா அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கலாம். தள்ளி நில்லுங்க. எதுக்கு உறுமுதுன்னு பாருங்க. தொடர்ந்து நடந்தா கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க, வலி காரணமா இருக்கலாம்.

மூணு மாசத்துல பெரும்பாலும் இது தன் வீடுன்னு புரிஞ்சிடும். சில நாய்க்கு ஆறு மாசம் ஆகும். நிஜமாவே ஒத்துவராத நாயும் உண்டு. வீட்டுல குழந்தை இருந்து, அதுக்கு ஆபத்துன்னா காத்திருக்கச் சொல்லல. உடனே காப்பகத்துக்கிட்ட பேசுங்க. ஆனா டேபிளுக்கு அடியில ஒளியுறதும், கார்ப்பெட்ல ஒண்ணுக்குப் போறதும் குணம் இல்ல, பயம். திருப்பி விட்ட நாய் மறுபடி அதே கூண்டுக்குப் போகும். அடுத்து யாராவது வந்தா, "ஏற்கனவே ஒருத்தர் திருப்பி விட்டாங்க"ங்கிற பேரோடதான் அது நிக்கும்.

அதனால கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே காலண்டர்ல மூணு மாசம் தள்ளி ஒரு தேதியை வட்டம் போடுங்க. "செட் ஆச்சா"ங்கிற கேள்வியை அன்னைக்குக் கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.