நெட்டி முறித்தால் தீருமா முதுகுவலி?

நான் மருத்துவன் அல்லன், பாத்திர வியாபாரி. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, நாற்பது வருஷமாக அண்டாவும் குத்துவிளக்கும் தூக்கி இறக்கியவன். கடை சாத்திய பிறகு பழைய மருத்துவ நூல்களைப் புரட்டுவது பழக்கம். நால்வகைத் தானங்களில் ஔடத தானமும் ஒன்று என்று கேட்டு வளர்ந்த சமணக் குடும்பத்தவன் என்பதால், தெரிந்ததைச் சொல்வோமே என்று எழுதத் துணிந்தேன்.

நம் மல்காஜ்கிரியில் ‘நடுமு நொப்பி’ இல்லாத தமிழ்க் குடும்பம் எது, சொல்லுங்கள்! லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவருக்கும் உண்டு. கம்ப்யூட்டர் முன் உட்காரும் அவர் பேரனுக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020-இல் இடுப்புவலியால் அவதிப்பட்டவர்கள் 61.9 கோடிப் பேர்.

பட்டுத் தெரிந்தது

2022-இல் எனக்குக் கழுத்துப் பிடிப்பு. மைத்துனன் மகன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, “மாமா, ‘டக்’குனு ஒரு சத்தம், வலி போயே போச்சு பாருங்க” என்றான். நானும் நம்பி ஓரிடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் வயசென்ன, கை மரத்துப்போகிறதா, எக்ஸ்ரே உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையைப் பிடித்து ஒரே திருப்பு! அன்று மாலை லேசாகத்தான் இருந்தது. மறுநாள் இரவு இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துவிட்டன.

எம்.ஆர்.ஐ. எடுத்ததில், ஐந்தாம் ஆறாம் கழுத்தெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. “பிதுக்கம் முன்னாடியே இருந்திருக்கும், திருப்பினதுல கிளம்பியிருக்கலாம்” என்றார் டாக்டர். நான்கு மாதம் ஃபிசியோதெரபி செய்து மீண்டேன். அதற்குப் பிறகே இந்தக் கை வைத்தியத்தின் கதையைத் தேடிப் படித்தேன்.

கை வைத்தியம் பழசுதான்

முடிவெட்டுகிறவர் கழுத்தில் நெட்டி எடுப்பது நம் ஊரில் சாதாரணம். சித்த மருத்துவத்தில் இதற்கு முறையான சாத்திரமே உண்டு. அதன் 32 புற மருந்துகளில் ஒன்று தொக்கணம். அது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். முறுக்கல் அவற்றில் ஒன்றே ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

கைரோபிராக்டிக் அமெரிக்காவில் பிறந்தது. 1895-இல் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் தொடங்கினார். முதுகெலும்பு இடம் பிசகி நரம்பைத் தடுப்பதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. இன்றைய அறிவியல் அதை ஏற்பதில்லை. ஆனால் முதுகுவலிக்கு அந்தக் கைப்பக்குவம் ஓரளவு பயன்படலாம் என்று ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவில் இதற்குத் தனிப் பட்டப்படிப்பும் மாநில உரிமமும் உண்டு. நம் நாட்டில் தனிப் பதிவு மன்றம் கிடையாது. ஆகவே போர்டைப் பார்த்து ஏமாறாமல், செய்பவர் என்ன படித்தவர் என்று கேட்பது நம் பொறுப்பு.

அந்த ‘டக்’ சத்தம்?

எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. மூட்டுக்குள் பசை போன்ற திரவம் உண்டு. மூட்டைச் சட்டென்று விரிக்கும்போது அதில் வாயுக்குமிழ் உண்டாகிறது. சத்தம் அதனோடு சேர்ந்தது. சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்பதெல்லாம் வீண் நம்பிக்கை.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. முறையான உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மசாஜ், முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை ஆகியவற்றைத் தரலாம் என்கிறது. கடைசியாகச் சொன்னதற்கு ஆதாரம் வலுவாக இல்லை என்பதையும் மறைக்கவில்லை. நாம் ஓடி ஓடி வாங்கும் இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் வழக்கமாகத் தர வேண்டாதவை என்பது எனக்கே ஆச்சரியம்.

கை வைக்கக் கூடாத வலிகள்

சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுதல், தொடை இடுக்கில் மரத்தல், காலில் பலம் குறைதல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகுவலியோடு காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோய் இருக்கலாம். நம் நாட்டில் இதை மறக்கக் கூடாது. புற்றுநோய் வந்தவர்கள், எலும்பு தேய்ந்த வயசானவர்கள், விழுந்து அடிபட்டவர்கள் டாக்டரைப் பார்க்காமல் யாரிடமும் முதுகைக் கொடுக்க வேண்டாம்.

கழுத்தை வேகமாகத் திருப்புவதில் வேறொரு அபாயமும் உண்டு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் உண்மை. நெட்டி எடுத்த பிறகு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் வந்தால் படுத்துத் தூங்கிவிடாதீர்கள்; உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மற்றபடி, சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடமாடுங்கள். நான் இப்போது கல்லாவில் அரை மணிக்கொரு தரம் எழுந்து நடக்கிறேன். அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்குவதில்லை. யாரிடமாவது கழுத்தைக் கொடுப்பதானால், அவர் முதலில் உங்களை நாலு கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவரிடம் கழுத்தை நீட்டாதீர்கள்.