நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்!

"லேசான ஸ்ட்ரோக்தாங்க. நாலே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கை, கால் எல்லாம் நல்லா வருது!"

இப்படிச் சொல்லி நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் இன்னும் ஒரு ஆபத்து பாக்கியிருக்கிறது. கீழே விழுவது!

அப்பா ஹாலைத் தாண்டி பாத்ரூமுக்குப் போகிறார். "அப்பா, மாத்திரை போட்டாச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்கிறீர்கள். அவர் சட்டென்று நின்று, திரும்பி, "ஆச்சும்மா" என்கிறார். பதில் சொல்ல ஏன் நின்றார்? கவனித்தீர்களா?

1997-ல் ஸ்வீடனில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். பராமரிப்பு இல்லங்களில் இருந்த 58 முதியவர்களுடன் பேசிக்கொண்டே நடந்தார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்துவிட்டார்கள்!

காரணம் இதுதான். நமக்கு நடை தானாக வருகிறது. ஸ்ட்ரோக் வந்தவருக்கோ ஒவ்வொரு அடியும் மூளை யோசித்துச் செய்கிற வேலை. அந்தக் கவனத்தைப் பேச்சு இழுத்துக்கொண்டால் கால் தடுமாறும். பாதத்தின் முன்பக்கம் சரியாகத் தூக்காவிட்டால் நிலைப்படியே தட்டிவிடும்.

விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், உள்ளே ரத்தம் கசியலாம். "ஒண்ணுமில்லே, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொன்னாலும் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

"அப்போ நடக்கவே விடக்கூடாதா?" என்று கேட்காதீர்கள். அது அதைவிடத் தப்பு! உட்காரவே வைத்தால் தொடைத் தசை இளைக்கும், பயம் கூடும். அடுத்த முறை எழும்போது இன்னும் தள்ளாடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். வழக்கமான வேகம் போதும். கைத்தடி இருந்தால் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் வாய்ப்பு அதிகம். பிஸியோதெரபிஸ்ட்டிடம் சொல்லி, சமநிலைப் பயிற்சி கேளுங்கள்.

இவற்றையும் மறக்காதீர்கள்:

★ கைத்தடி நல்ல கையில்தான் இருக்கவேண்டும். பலவீனமான பக்கம் அல்ல!

★ மாடிப்படி ஏறும்போது முதலில் நல்ல கால். இறங்கும்போது முதலில் பலவீனமான கால்.

★ துணைக்கு நடப்பவர் பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்னால் நிற்கவேண்டும்.

★ வேட்டி கணுக்காலுக்கு மேலேயே இருக்கட்டும். தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். குதிகாலில் பட்டை வைத்த செருப்பு நல்லது.

★ பாத்ரூம் சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துங்கள். துண்டு போடும் கம்பி ஆள் கனத்தைத் தாங்காது. ராத்திரியில் சின்ன விளக்கு எரியட்டும்.

★ படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நடக்கக் கூடாது. சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றும். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகு எழட்டும்.

ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை இல்லாத தள்ளாட்டம் இன்று திடீரென்று வந்தாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது அடுத்த ஸ்ட்ரோக்காக இருக்கலாம். "படுத்தா சரியாயிடும்" என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும்.

நாளைக் காலையில் அப்பா ஹாலில் நடந்து வருவார். கேட்க வேண்டியதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கேளுங்கள். மாத்திரை எங்கேயும் ஓடிப்போய்விடாது!